ஒரு முழம் கூடுதல்

அங்குலம் மூன்றாவது முறையாக வந்தபோது மாஸ்டரம்மா கொடிக்குப் பித்தளை வளையம் அடித்துக்கொண்டிருந்தாள். ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டாள். அவர் வந்தால் அதுவரை செய்த வேலை வேலையாக இருக்காது. அடித்த வளையத்தைப் பிடுங்கினால் துணியும் கிழியும். அடிக்காமல் இருந்தால் துணியாவது மிஞ்சும்.

வெளியுறவு அலுவலகத்தில் அவருக்கு ஒரு நீண்ட பதவிப் பெயர் இருந்தது. வெளிநாட்டு விருந்தினர் வந்தால் யார் எங்கே நிற்பது, யார் நாற்காலி யார் நாற்காலியை விட்டு எவ்வளவு தள்ளி என்பதெல்லாம் அவர் பொறுப்பு. சட்டைப் பையில் பேனா இருக்காது, டேப் இருக்கும். அங்குலம் என்று பெயர் வைத்தது மாஸ்டரின் தங்கை. அவருடைய அலுவலகக் காவலாளிகூட இப்போது அப்படித்தான் சொல்கிறான் என்று கேள்வி.

மழை அப்போதுதான் விட்டிருந்தது. அவர் முழங்கால்வரை சேறோடு உள்ளே வந்தார். வீட்டின் முன்னறைதான் தையல் கூடம். மூன்று தையல் இயந்திரம், ஒரு வெட்டுமேசை. பகலில் அந்த மேசையில் துணி வெட்டுவார்கள். பிறகு அதையே துடைத்துவிட்டுச் சாப்பிடுவார்கள். கொடித் துணியில் பஞ்சுத் தூசி அதிகம். மாஸ்டருக்கும் அவர் மனைவிக்கும் தங்கைக்கும் புருவமெல்லாம் நீலமாக இருந்தது.

“மாஸ்டர், ஒரு சின்ன மாற்றம்” என்றார் அங்குலம்.

மாஸ்டர் இயந்திரத்தை நிறுத்தவில்லை. மிதித்துக்கொண்டே இருந்தார்.

மாற்றம் என்னவென்று சொல்ல, பழைய கதையிலிருந்து தொடங்க வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய நாட்டின் தலைவர் முதல்முறையாக இங்கே வருகிறார். இந்த நாட்டைக் காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குள் குறுக்கே கடந்துவிடலாம். அந்த நாட்டை ரயிலில் கடக்க நாட்கணக்காகும். இங்கே யாரும் அதன் பெயரைச் சொல்வதில்லை. அந்தப் பக்கம் என்றால் போதும். உப்பு, மின்சாரம், ஊசி, நூல், டிவி தொடர் எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து வருகின்றன. இரண்டு நாட்டுக் கொடிக்கான துணியும் அங்கே ஒரே மில்லில்தான் நெய்யப்படுகிறது. இங்கிருந்து அங்கே போவது பலகையும் பொண்ணுங்களும்தான் என்று மாஸ்டரின் தங்கை சொல்வாள். அவள் சொன்னதில் ஒன்று இந்த வீட்டுக்கே நடந்தது. மில் துணியை லாரியில் கொண்டுவந்து இறக்கிய பையன் இரண்டாம் வருஷம் மாப்பிள்ளையாகி, மாஸ்டரின் ஒரே மகளை அந்தப் பக்கம் கூட்டிப்போய்விட்டான்.

தலைவர் வருகைக்குச் சாலை நெடுக இரண்டு கொடியும் ஜோடி ஜோடியாகப் பறக்க வேண்டும். முதலில் எல்லாம் மூன்றடி உயரம் என்று உத்தரவு. தைத்தார்கள். இந்த நாட்டுக் கொடி, உயரத்தைப்போல இரண்டு மடங்கு நீளம். சட்டம் அப்படி. அந்தப் பக்கத்துக் கொடி ஒன்றரை மடங்குதான். பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டபோது இங்கத்திக் கொடி ஒரு முழம் கூடுதலாக நீண்டது. தூதரகத்துக்காரர் ஒருவர் வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாராம். ஒன்றும் சொல்லாமல் போனதுதான் பெரிய பிரச்சினை என்றார் அங்குலம். நீளத்தைச் சமமாக்கச் சொன்னார். புதுத் துணி வெட்டி மறுபடி தைத்தார்கள். இப்போது இங்கத்திக் கொடி ஒரு சாண் குள்ளமாகிவிட்டது. மந்திரி பார்த்துவிட்டு, இது கொடியா கைக்குட்டையா என்று கேட்டாராம்.

“அதனால?” என்றாள் மாஸ்டரம்மா.

“அதனால முதல்ல தைச்சதையே எடுத்துக்கலாம். உயரம் சமம். நம்ம கொடியோட நுனியில மட்டும் அந்த ஒரு முழத்தைப் பின்பக்கமா மடிச்சு லேசா ஓட்டுத்தையல் போட்டுடுங்க. அவர் போனதும் பிரிச்சுடலாம். சட்டப்படி கொடி முழுசாத்தான் இருக்கு. பார்வைக்குச் சமம்.”

அவர் இதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. யோசனை அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். மாஸ்டர் எழுந்து வந்தார். ஒரு கொடியை மேசையில் விரித்து நுனியை மடித்துப் பார்த்தார். நீலத் துணியின் நடுவில் வெள்ளைப் படகு ஒன்று உண்டு. மடித்ததும் அது நடுவை விட்டு ஓரத்துக்குப் போய்விட்டது.

“படகு கரை தட்டிடுச்சே சார்” என்றாள் தங்கை.

அங்குலம் டேப்பை எடுத்துப் படகுக்கும் ஓரத்துக்கும் நடுவே வைத்துப் பார்த்து, பரவாயில்லை என்றார்.

மாஸ்டரம்மாவுக்குப் படகைப் பற்றிக் கவலையில்லை. அவர் டேப்பைச் சுருட்டும்வரை காத்திருந்து, தன் பாஸ்போர்ட் என்ன ஆயிற்று என்று கேட்டாள். போன முறையும் கேட்டாள், அதற்கு முந்தைய முறையும் கேட்டாள். சொல்லி வைத்திருக்கேன் அம்மா என்றார். போன முறையும் அதையேதான் சொன்னார்.

மகளுக்கு மாதம் நெருங்கிவிட்டது. எழுந்து நடக்கக் கூடாது என்று டாக்டர் படுக்கவைத்திருந்தார். போன வருஷமும் இப்படித்தான் படுக்கவைத்தார்கள். அப்போது மாஸ்டரம்மா விசாவுக்கு வரிசையில் நின்றாள். இன்று போய் நாளை வா என்றார்கள், நாளை போனால் அடுத்த வாரம் என்றார்கள். அவள் போய்ச் சேர்ந்தபோது மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து, அடுப்படியில் நின்று சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் அழவில்லை. சாப்பிடுறியா என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வியை மாஸ்டரம்மா இன்றுவரை புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

இந்த முறை நாலாம் மாதமே தூதரகத்தில் போய்ப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டாள். உள்ளே வாங்கி வைத்துக்கொண்டார்கள். பிறகு தலைவர் வருகை அறிவிப்பானது. விசா ஜன்னலில் இரும்புக் கதவு இறங்கியது. இரு நாட்டு நட்புறவு வருகையை முன்னிட்டு விசாப் பணிகள் நிறுத்தப்பட்டுள்ளன என்று ஓர் அட்டை தொங்கியது. அவள் அதைப் படித்துவிட்டுக் காவலாளியிடம், நட்புன்னா ஜன்னலைத் திறக்கணும்தானே தம்பி என்று கேட்டாள். அவன் எனக்குத் தெரியாதும்மா, நான் நிக்கிறவன் என்றான்.

மூவருமாக உட்கார்ந்து மடிப்பு அடித்தார்கள். ஓட்டுத்தையல் இயந்திரத்தில் வராது. கையால்தான் போட வேண்டும், நெருக்கமாகவும் போடக் கூடாது. வெளியே மழை பிடித்துக்கொண்டு விடவேயில்லை. ஈரத்தில் நூல் தடித்து ஊசிக் காதில் ஏற மறுத்தது. மதியம் பன்னும் டீயும், மறுபடி டீ. மாஸ்டர் ஒவ்வொரு கொடியை மடிக்கும்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தலைவர் போனதும் இவ்வளவையும் பிரிக்கிறதும் நாமதானா என்று தங்கை கேட்டாள். வேறு யார் என்றார் மாஸ்டர். அதற்கும் சேர்த்து இப்போதே கைவலிக்கிறது என்றாள் அவள்.

நடுவில் மகள் போன் செய்தாள். கால் வீங்கியிருக்கிறதாம். டாக்டர் தேதியை முன்னே கொண்டுவந்துவிட்டாராம். நீ எப்பம்மா வர்றே என்று கேட்டாள். மாஸ்டரம்மா வாயில் நூல் இருந்தது. அதை எடுத்துவிட்டு, வந்துக்கிட்டே இருக்கேன் என்றாள்.

“எங்க வந்துக்கிட்டே இருக்கே? பாஸ்போர்ட் கையில வந்துடுச்சா?”

“வந்துடும்.”

“போன தடவையும் இப்படியேதான் சொன்னே.”

மகள் வைத்துவிட்டாள். மாஸ்டரம்மா கையிலிருந்த கொடியைத் தைத்து முடித்தாள். பிறகு எழுந்து, மடித்து அடுக்கியிருந்த கொடிகளை ஒரு கை ஒரு கையாகத் தூக்கிப் போய்ப் படுக்கையறைப் பீரோவில் வைத்தாள். பீரோ நிரம்பியதும் தன் புடவைகளை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு மிச்சத்தையும் வைத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மாஸ்டருக்கு முதலில் புரியவில்லை. ஈரம் படாமல் வைக்கிறாள் என்று நினைத்தார். புரிந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அரசாங்கக் காரியம், உள்ளே தூக்கி வைத்துவிடுவான் என்றார். வைக்கட்டும் என்றாள் அவள். பள்ளிக்கூடச் சீருடை வேலையும் போய்விடும் என்றார். போகட்டும் என்றாள். தங்கை இருவரையும் பார்த்தாள். பிறகு எண்ணெய்க் குப்பியை எடுத்து, தன் இயந்திரத்துக்கு வெகுநேரம் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அங்குலம் ஒரு வேனோடு வந்தார். மாஸ்டர் புழக்கடைக்குப் போய்விட்டார். மாஸ்டரம்மா வெட்டுமேசைக்குப் பின்னால் நின்றுகொண்டு, கொடி தயார், பாஸ்போர்ட் வந்தால் தருகிறேன் என்றாள்.

“விளையாடாதீங்கம்மா. வண்டி நிக்குது.”

“நிக்கட்டும் சார். நானும் நாலாம் மாசத்துலேர்ந்து நிக்கிறேன்.”

“உங்க பாஸ்போர்ட்டுக்கும் கொடிக்கும் என்னம்மா சம்பந்தம்? நான் கொடிக்காரன். விசாக்காரன் இல்லை.”

“கொடியில ஒரு முழம் நீளம்னு அவங்க தலையைச் சாய்ச்சா உங்களுக்குத் தூக்கம் போகுது. எம் பொண்ணு அங்க படுத்த படுக்கையா கிடக்கா. அதுக்கு எவனாவது தலையைச் சாய்ச்சானா?”

“அது தனிப்பட்ட விஷயம்மா. இது ரெண்டு நாட்டு விஷயம்.”

“எம் மாப்பிள்ளை அந்த நாடு, எம் பொண்ணு இந்த நாடு. இதுவும் ரெண்டு நாட்டு விஷயம்தான்.”

அங்குலம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவர் கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவரோ, தூதரகத்தில் தன்னை நாற்காலியில் உட்காரச் சொல்வதில்லை என்றார். மந்திரி அறையிலும் சொல்வதில்லை. இந்த வருகை அறிவித்ததிலிருந்து மூன்று முறை மாத்திரை மாற்றிவிட்டார் டாக்டர். இதையெல்லாம் ஏன் இவளிடம் சொல்கிறோம் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். எழுந்து டேப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, வேனை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் போனார். போலீஸோடு வருவார் என்றார் புழக்கடையிலிருந்து வந்த மாஸ்டர். தங்கை வேன் டிரைவருக்கு டீ கொடுத்தாள்.

மதியத்துக்கு முன்பே திரும்பிவிட்டார். கையில் பாஸ்போர்ட் இருந்தது. மாஸ்டரம்மா பக்கங்களைப் புரட்டினாள். விசா ஒட்டியிருந்தது. பசை இன்னும் காயவில்லை.

“காலையில போனீங்க. மதியத்துக்குள்ள ஆயிடுச்சு” என்றாள்.

“ஆமா, எப்படியோ முடிச்சுட்டேன்.”

“மத்தியானத்துக்குள்ள முடியற வேலைதானா இது.”

கண் சிவந்துவிட்டது அவளுக்கு. அவர் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டு, இருக்கட்டும் அம்மா என்றார். சாதாரண விசாவெல்லாம் நிறுத்தம் என்பதால் வருகையோடு சேர்ந்த ஒரு வகையில்தான் போட முடிந்ததாம். கலைக்குழு ஒன்று அந்தப் பக்கம் போகிறது, அதில் இவள் பெயரையும் சேர்த்திருக்கிறார். பண்பாட்டுப் பரிமாற்றம் என்று விசாவில் போட்டிருந்தது. எல்லையில் கேட்டால் உடை அலங்காரம் என்று சொல்லுங்கள், வேறு எதுவும் பேசாதீர்கள் என்றார். அவள் பீரோவைத் திறந்துவிட்டாள்.

அன்றே புறப்பட்டிருப்பாள். ஆனால் தலைவர் சாலை வழியாக வருகிறார் என்பதால் எல்லைச் சாலையை மூடிவிட்டார்கள். அவர் வந்து, விருந்து சாப்பிட்டு, கைகுலுக்கித் திரும்பிப் போகிற நாளில்தான் பஸ் விட்டார்கள். அதுவும் எல்லைக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் நின்றுவிட்டது. தலைவரின் வண்டிகள் பின்னால் வருகின்றன, அவை கடந்த பிறகுதான் மற்றவர்கள் என்றார் போலீஸ்காரர். மாஸ்டரம்மா பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி நடந்தாள். கயிறு கட்டி நிறுத்தியிருந்த கூட்டத்தில் முண்டியடித்து, தடுப்புக் கட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அந்தப் பக்கத்து டீக்கடையும் லாரி வரிசையும் இங்கிருந்தே தெரிந்தன.

காற்று பலமாக அடித்தது. கட்டைக்கு இருபுறமும் இரண்டு கம்பங்கள், இரண்டு கொடிகள். இங்கத்திக் கொடியின் மடிப்பு பிரிந்துவிட்டிருந்தது. அந்த ஒரு முழமும் வெளியே வந்து படபடத்தது. கம்பத்துக்கடியில் அங்குலம் அண்ணாந்து நின்றார். அவளைப் பார்த்ததும் கூட்டத்தைத் தடுத்த கயிற்றைத் தூக்கி நுழைந்து ஓடிவந்தார்.

“தெய்வமா வந்தீங்கம்மா. ஊசி நூல் இருக்கா? கொடியை இறக்கச் சொல்றேன். நாலு தையல் போதும்.”

அந்த நேரத்தில்தான் போன் அடித்தது. மாப்பிள்ளை பேசினான். அத்தை, வலி எடுத்திருச்சு, உள்ள கொண்டுபோறாங்க என்றான். அதற்குள் போன் கைமாறியது.

“அம்மா, எங்க இருக்கே?”

“எல்லைக் கேட் கிட்டதான்டி.”

“எந்தப் பக்கம்?”

மாஸ்டரம்மா தடுப்புக் கட்டையைப் பார்த்தாள். மகள் மூச்சை இழுத்து விடுவது கேட்டது. பிறகு, “இந்தப் பக்கம் வந்துட்டுப் பேசு” என்று சொன்னது கேட்டது. போன் நின்றுவிட்டது.

அங்குலம் கையை நீட்டியபடியே நின்றார். ஊசி அவள் பையில்தான் இருந்தது. ஆனால் அவள் பையைத் திறக்கவில்லை. மேலே பார்த்தாள். நீலம் முழுசாக விரிந்து, படகு நடுவில் இருந்தது.

“நல்லாத்தானே இருக்கு சார். விடுங்க” என்றாள்.

“என் வேலை போயிடும்மா.”

அவள் பைக்குள் கை விடத்தான் போனாள். அதற்குள் விசில் ஊதினார்கள். மோட்டார் சைக்கிள்கள் வந்தன, அவற்றின் பின்னால் கறுப்பு வண்டிகள். அங்குலம் விறைத்து நின்று கண்ணை மூடிக்கொண்டார். வண்டிகள் வேகத்தைக் குறைக்கவேயில்லை. கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியிருந்தன. ஒன்றில் மட்டும் பாதி இறக்கியிருந்தது. உள்ளே யாரோ ஒருவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். தலைவரா, கூட வந்தவரா, தெரியவில்லை. சேறு தெறித்தது. கட்டை உயர்ந்து, இறங்கி, எல்லாம் முடிந்துவிட்டது.

“போயிட்டாங்களா?” என்றார் அங்குலம், கண்ணைத் திறக்காமல்.

“போயிட்டாங்க.”

“மேல பார்த்தாரா?”

“யாரும் பார்க்கலை.”

அவர் கண்ணைத் திறந்தார். சந்தோஷப்படுவார் என்று அவள் நினைத்தாள். அவர் சாலையோரக் கல்லில் போய் உட்கார்ந்து, காலணியிலிருந்த சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கலையா என்று இன்னொரு முறை கேட்டார். அவளுக்கு அவர்மீது பரிதாபம் வந்தது. அதற்கு இப்போது நேரமில்லை.

கட்டையைத் தூக்கியதும் முதல் ஆளாக நடந்தாள். இந்தப் பக்கத்து ஜன்னலில் அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பக்கத்து ஜன்னலில் இருந்த அதிகாரி விடியற்காலையிலிருந்து நின்றவர்போல இருந்தார். விசாவைப் படித்தார், அவளைப் பார்த்தார், மறுபடி விசாவைப் படித்தார்.

“பண்பாட்டுப் பரிமாற்றமா? குழு எங்கே?”

“பின்னாடி வருது.”

“நீங்க என்ன, பாட்டா, ஆட்டமா?”

உடை அலங்காரம் என்ற இரண்டு சொல்லை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தாள். இப்போது வாயில் வரவில்லை.

“பிரசவம்” என்றாள்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அவளுடைய நரைத்த தலையைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைப் பார்த்தார், பையைப் பார்த்தார்.

“யாருக்கு?”

“இப்படியே ஒவ்வொண்ணாக் கேட்டுக்கிட்டிருந்தீங்கன்னா எனக்கே ஆயிடும் போல சார். முத்திரையைப் போடுங்க.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. முத்திரையை எடுத்தார். மை காய ஊதிக் கொடுக்கப்போனவரின் கையிலிருந்து பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, மாஸ்டரம்மா லாரி வரிசையைப் பார்த்து ஓடினாள்.